பாலாற்றங்கரை: நேற்றும் இன்றும்



விழா மலர் என்றால் கோவிலுக்குக் கல் நாட்டியவர்களையும், கோபுரம் எழுப்பியவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும் நினைவுகூர்வது மரபு. அவர்களைப் பற்றி இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். இப்பக்கத்தில் நாம் எழுத விரும்புவது, நம் மக்களை வாழவைத்த பாலாற்றையும், அதன் ஓரத்துக் குடியிருப்பு மாறிய விதத்தையும் பற்றியே.

கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி அருகே தமிழகத்துள் நுழைகிறது. பின்னர் ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியே சென்று வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டில் சில நாட்களே மேலே நீரோடும் ஆறு இது. ஆயினும் மணலுக்கு அடியில் நீர் இருந்தது. கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும் என்பர் மூத்தோர். அந்த ஊற்றுகளைக் கால்வாய்களில் திருப்பி நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தனர் நம் முன்னோர்.

அதே நீர்தான் தோல் தொழிலையும் இங்கே நிலைக்கச் செய்தது. தோலிலுள்ள உப்பைக் கழுவவும், சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கவும் நீர் ஏராளமாக வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்ட குழிகளில் வாரக்கணக்கில் பதமான தோல் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. பிறர் தொடவும் அருவருத்த அவ்வேலையை நம் மக்களின் கைகள் செய்தன. ஊரார் தந்த இழிவையும் அவர்களே சுமந்தனர்.

1973-ஆம் ஆண்டு பதனிடாத தோலின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. முழுமையாய்ப் பதனிட்ட தோலுக்கும், காலணி போன்ற பொருள்களுக்கும் அரசு ஊக்கமளித்தது. பட்டையின் இடத்தைப் பெருமளவு குரோம் உப்பு பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆற்றோரத்தில் குடிசைகள் இருந்த இடத்தில் தளம் போட்ட வீடுகள் எழுந்தன. நம் பெண்கள் விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நின்றனர். அந்தக் கூலியில் பிள்ளைகள் படித்தனர். இம்மாற்றத்தை நன்மை அன்று என்று சொல்ல நமக்கு வாய் எழாது.

ஆனால் கிணற்று நீர் உப்புக் கரித்தது. தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என அதில் கூறப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும் நாட்டின் சட்டமாக ஏற்கப்பட்டது. உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் அவ்வழக்கின் பெயரில் நம் வேலூர் இருக்கிறது. அது பெருமையா, வருத்தமா என நாம் பலமுறை எண்ணியதுண்டு.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. எனினும் 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையமொன்றின் கசடுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிய 10 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். நம் முன்னோர் சுமந்த சுமையை அவர்கள் தோளில் ஏற்றிவிட்டோமோ என்று நெஞ்சு உறுத்துகிறது.

இப்போது தென்னந்தோப்புகள் மனைகளாகின்றன. ஆற்று மணல் லாரிகளில் போய்விட்டது. பாலாற்றின் கரையில் வாழ்ந்துகொண்டே காவிரிக் குடிநீரைக் குழாயில் எதிர்பார்க்கிறோம். ஆறு செத்தது என்று எண்ணி அதன் மடியிலேயே வீடு கட்டியவர்களும் உண்டு. 1903 நவம்பரில் வாணியம்பாடியில் ஏறக்குறைய 200 உயிர்களைக் கொண்டுபோன ஆறு அது. 2021 நவம்பரில் மீண்டும் இருகரை தொட்டு ஓடித் தன் வழி எதுவென்று காட்டிற்று.

2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் இழப்பீடு குறித்தும் ஆற்றைச் சீர்செய்வது குறித்தும் மீண்டும் ஆணையிட்டது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்யட்டும். நம் கடமை யாது? இதையெல்லாம் யாரோ வந்து நமக்குச் செய்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. நம் உலை கொதித்ததும் அதே தொழிலால்தான். நம் கிணறு கெட்டதும் அதனால்தான். இரண்டையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்வதே நேர்மை.

ஆகவே ஒரு வேண்டுகோள். திருமுழுக்கு, திருமண ஏடுகளை நம் பங்கு காத்து வருவதுபோல், கிணறுகளுக்கும் ஓர் ஏடு தொடங்குவோம். எந்தக் கிணறு எங்கிருந்தது, எத்தனை அடியில் நீர் கிடைத்தது, எந்த ஆண்டில் சுவை மாறியது, ஊற்றுக்கால் எவ்வழி ஓடியது என்பதெல்லாம் நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். நாளை ஆற்றை மீட்க முனைவோருக்கு அது வழிகாட்டும். விழாவின் அலங்கார விளக்குகள் அணைந்த பின்னும் அந்த ஏடு நிற்கும்.