ஒண்ணு, அஞ்சு, நாலு, எட்டு

1941 கணக்கெடுப்பின்படி கனடாவின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 15 லட்சம். அந்தச் சின்னக் கூட்டம் இரண்டாம் உலகப் போரின்போது 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்து தள்ளியது. அவற்றில் பெரும்பங்கு 'கனடியன் மிலிட்டரி பேட்டர்ன்' என்ற ஒரே அச்சில் வார்த்த லாரிகள். விண்ட்சர் நகரில் ஃபோர்டும் ஆஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே வடிவத்தில் கட்டினார்கள். ஜென்மப் பகையாளிகளான இரண்டு கம்பெனிகளை அரசாங்கம் ஒரே வரைபடத்தின் முன் உட்காரவைத்தது என்பதே எனக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் எஞ்சினை மட்டும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். ஃபோர்டில் 239 கன அங்குல வி-8, 95 குதிரைத்திறன். ஷெவர்லேயில் நீளவாக்கில் ஆறு சிலிண்டர்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் படைகளுக்கானவை என்பதால் ஸ்டியரிங் வலது பக்கம். மூக்கு கிடையாது, டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே எஞ்சின். 1941 கடைசியிலிருந்து வந்த '13-ஆம் கேபின்' வண்டிகளில் முன்கண்ணாடியின் மேல் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கண்ணாடியில் பட்ட வெயில் தெறித்து, மேலே பறப்பவன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அப்படி.

அதில் ஒன்று அதிராம்பட்டினத்தில் நிற்கிறது. நண்பனின் பாட்டனார் போர் முடிந்தபின் 'டிஸ்போசல்' வண்டியாக எடுத்து உப்பளத்தில் ஓட்டினாராம். உப்பு ஏற்றிய லாரிக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கப் பெட்டி போய்விட்டது. சட்டமும் கேபினும் எஞ்சினும் இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்துக்குப் பட்டாளத்து வண்டி புதுசும் அல்ல. ஜாவாவில் ஜப்பானியரிடம் சிதறிப்போன பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் ஸ்குவாட்ரன், 1942 அக்டோபரில் மறுபடி உருவானது தஞ்சாவூர் விமானதளத்தில்தான்.

இந்த வண்டியை ஓடவைக்கலாம் என்று நாங்கள் இறங்கியபோது முதலில் தேவைப்பட்டது இதற்கான புத்தகம். எந்த வண்டி என்று தெரிந்தால்தானே புத்தகம் தேட முடியும்? டேஷ்போர்டில் ஆணியடித்த தகட்டைச் சுரண்டியதில் 'எஃப்60எல்' என்று தெரிந்தது. எஃப் என்றால் ஃபோர்ட். 60 என்பது 60 ஹண்ட்ரட்வெயிட் (ஈழத்தில் 'அந்தர்' என்பார்களே, அதே அளவு), அதாவது 3 டன் சுமை. எல் என்றால் நீளச் சட்டம், சக்கரத்துக்குச் சக்கரம் 158 அங்குலம். மென்பொருள் வேலை பார்ப்பவனுக்கு இது பழகிய விஷயம்தான். பெயரை ஒழுங்காக வைத்துவிட்டால் பாதி ஆவணம் எழுதியாயிற்று.

அக்காலத்து ராணுவப் புத்தகங்கள் ஆளுக்குத் தக்கபடி எழுதப்பட்டவை. டிரைவருக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று, ஸ்டோர்காரருக்கு உதிரிபாகப் பட்டியல் தனி. அமெரிக்கர்கள் இதைக் கிட்டத்தட்ட ஒரு மதமாகவே நடத்தினார்கள். ஜீப் ஓட்டுபவனுக்கு டி.எம். 9-803. அதே ஜீப்பின் எஞ்சினைப் பிரிப்பவனுக்கு டி.எம். 9-1803ஏ. உதிரிபாகம் என்றால் ஜி-503. அதுவும் படிக்க மாட்டேன் என்கிற சிப்பாய்களுக்காக வில் ஐஸ்னரைப் படம் வரையவைத்தார்கள். சித்திரக் கதைக்குப் பெயர்போன அதே ஐஸ்னர். கிரீஸ் போடுவதைச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் காமிக்ஸ் போட்ட காலம் அது!

அமெரிக்க மத்திய அரசு வெளியிடும் எழுத்துக்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது. அதனால் ஜீப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கனடா வண்டிகளின் புத்தகங்களை ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கும் ஆர்வலர்கள் பரணிலிருந்து எடுத்துப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரியாமல் இருந்திருந்தால் அங்கேயே ஒன்றிரண்டு கிடைத்திருக்கும் என்று எனக்கொரு நம்பிக்கை. இந்தியாவில் ஃபோர்ட் கம்பெனி 1926-ல் தொடங்கியது. சென்னையிலும் வண்டி பூட்டினார்கள். அது கனடா ஃபோர்டின் பிள்ளை. எங்கள் லாரிக்குச் சென்னை, கிட்டத்தட்ட தாய்மாமன் வீடு.

நம் சொந்த வண்டிகளின் கதை வேறு. 1959-ல் ஜெர்மனியின் எம்.ஏ.என். உரிமத்தில் ஜபல்பூரில் சக்திமான் வந்தது. நிஸான் பேட்ரோல் அங்கே ஜோங்கா ஆனது. இரண்டின் உற்பத்தியும் 1990-களோடு முடிந்தது. ராணுவ ஏலத்தில் ஜோங்கா எடுத்து ஆசையாக ஓட்டுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் வண்டியை விற்கும் ராணுவம் அதன் பட்டறைப் புத்தகத்தை விற்பதில்லை. 1943-ல் உருவான மின், இயந்திரப் பொறியியல் பிரிவு, பழுதுபார்க்கும் முறைகளை ஈ.எம்.இ.ஆர். என்ற ஏடுகளாக எழுதி வைக்கிறது. நல்ல வேலை. ஆனால் உள்ளுக்குள் புழங்குவதற்கு மட்டும். இந்தியச் சட்டப்படி அரசு வெளியீட்டின் காப்புரிமை 60 வருடம். ராணுவ ஆவணங்களைப் பொதுவாக 25 வருடத்தில் திறந்துவிடலாம் என்று 2021-ல் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை வெளியிட்டது. போர் வரலாறுகளை மனதில் வைத்துச் சொன்னது அது. சக்திமானின் கியர்பாக்ஸில் எந்த ரகசியம் மிச்சமிருக்கிறது? விண்ட்சரில் செய்த லாரியின் புத்தகம் என் போனில் இருக்கிறது, ஜபல்பூரில் செய்ததன் புத்தகம் நான் தேடியவரை முழுசாக அகப்படவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

"புக்கு எதுக்கு தம்பி? கை இருக்குல்ல" என்றார் பட்டுக்கோட்டையில் நாங்கள் பிடித்த மெக்கானிக். எண்பதைத் தாண்டியவர். சின்னப் பையனாக வி-8 பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கச் சேர்ந்தவர். எஞ்சினைப் பார்த்ததும் கேட்காமலே ஒப்பித்தார்: "ஒண்ணு, அஞ்சு, நாலு, எட்டு, ஆறு, மூணு, ஏழு, ரெண்டு." எந்த சிலிண்டருக்குப் பின் எது வெடிக்க வேண்டும் என்ற வரிசை. போனைத் திறந்து பார்த்தேன். ஒரு எண் பிசகவில்லை. வலப்பக்க வரிசை 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8 என்று எண்ணும் முறை உட்பட. பைக்குள் அமெரிக்க மரை ஸ்பேனரையும் பிரிட்டிஷ் மரை ஸ்பேனரையும் தனித்தனித் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

முன் ஆக்ஸிலில்தான் சிக்கல். இது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பாட்டனார் காலத்திலேயே பெட்ரோல் மிச்சம் பிடிக்க முன்பக்க ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அவர் பழகிய பட்டறையிலும் எல்லா வண்டிக்கும் அதே கதைதான். அதனால் அந்த ஆக்ஸிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பார்த்திருக்க மாட்டார். ஒரே தலைமுறையில், யாரும் தொடாத பாகத்தின் அறிவு மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

உதிரிபாகப் பட்டியலில் முன் ஆக்ஸிலைப் பிரித்து வரைந்த பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பெருசு பண்ணு" என்றார். ஒவ்வொரு வளையமாக விரல் வைத்து, எண்ணைப் படிக்கச் சொல்லி, தன் சின்ன டைரியில் தமிழில் எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது.

"சரி, வெயில்ல எண்ணெய் ஆவியாகி வண்டி நின்னுச்சுன்னா என்ன செய்யணும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். எங்கள் கையிலிருந்த பக்கங்களில் இல்லை.

"பெட்ரோல் பம்பு மேல ஈரச் சாக்கு. உப்புத் தண்ணில நனைச்சுடாத. பைப்பைத் தின்னுடும். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.