நெய்யூருக்குப் போன கட்டிகள்

என் பாட்டிக்கு ஆஸ்பத்திரி என்றால் நெய்யூர்தான். பாறசாலையிலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டி நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப் போவார்களாம். லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கே வைத்தியம் தொடங்கியது 1838ல். ஈதர் மயக்கம் உலகத்துக்குத் தெரியவந்தது 1846ல். அதற்கு முன்னால் கட்டி அறுத்துக்கொண்டவர்களை நினைத்தால், தியேட்டர் நர்ஸாகவே காலம் கழித்த எனக்கும் உடம்பு கூசும்.

பாட்டி பெயர் சொல்லிப் பேசியது அங்கே டாக்டராயிருந்த ஹோவர்ட் சாமர்வெல்லை. எவரெஸ்ட் ஏறப் போன மனுஷன். 1924ல் மலையிலிருந்து இறங்கும்போது, குளிரில் வெந்த தொண்டைச் சவ்வு மூச்சை அடைக்க, தன் நெஞ்சைத் தானே அழுத்தி வெளியே துப்பிப் பிழைத்தார். எங்கள் பக்கத்தில் குடல்புண் அதிகம். வயிற்று ஆபரேஷனில்தான் அவருக்குப் பேர். புற்றுக்கு ரேடியமும் வைத்தார். தோலுக்கு மேலே தெரிந்த கழலைகளையும் அறுத்திருப்பார்கள். இடுப்புக் குழிக்குள் நரம்பைப் பற்றிக் கிடந்ததை யார் கண்டது? சாகும்வரை 'வாயு' என்றே சொல்லியிருப்பார்கள்.

நரம்புக்கென்று தனி அறுவைத் துறை இந்தியாவில் வந்தது 1949ல், வேலூரில், டாக்டர் ஜேக்கப் சாண்டியால். 1956 நவம்பர் 1ல் விளவங்கோடும் கல்குளமும் இன்றைய தமிழ்நாட்டோடு போயின. நாங்கள் கேரளத்தில் நின்றோம், நெய்யூர் வேறு மாநிலமாயிற்று. அதற்குள் திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் வந்துவிட்டது. எங்கள் பஸ்கள் வடக்கே திரும்பின. 2024ல் அங்கே ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கு ஆபரேஷன் ரோபோவும் வந்தது.

போன மாசம் பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினான். முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்புக்கு முன்னால் ஷ்வானோமா. நரம்பு உறையில் வளர்கிற, புற்றல்லாத கட்டி. "அக்கா, ரோபோ ஆபரேஷன் என்றால் மெஷினா வெட்டும்?"

வெட்டுவது டாக்டர்தான் என்றேன். நாலடி தள்ளி உட்கார்ந்து, பத்து மடங்கு பெரிதாய்த் தெரியும் படத்தைப் பார்த்து ஓட்டுவார். 8 மில்லிமீட்டர் கருவி, மணிக்கட்டு போல வளைந்து, கை நுழையாத குழிக்குள் போகும். இந்தக் கட்டி பெரும்பாலும் நரம்பிழைகளை ஒதுக்கித் தள்ளித்தான் வளரும். உறையைக் கீறிப் பிதுக்கி எடுத்தால் நரம்பு அநேகமாய்ப் பிழைக்கும். பிசகினால் மூத்திரம் போவதே பாடு. அதனால் டாக்டரிடம், எந்த நரம்பிலிருந்து கிளம்பியிருக்கிறது, இதுபோல எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று கேள் என்றேன். சின்னதாய், தொந்தரவில்லாமல் இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் சொல்வார்கள்.

"அப்போ ரோபோ வேண்டாமா?" என்றான். முகம் வாடிவிட்டது.