சாவ் ஜோவாவ் பலூனும் ஒரு காப்பித் தோட்டத்துப் பையனும்

ஜூன் வந்துட்டா சாவ் பாலோவுல ஒரே கொண்டாட்டம்தான் மக்களே. 13ம் தேதி புனித அந்தோணியார், 24 புனித அருளப்பர், 29 புனித இராயப்பர். மூணு பேருக்கும் சேர்த்து 'ஃபெஸ்டா ஜூனினா'. சோளப் பலகாரம், கட்டம் போட்ட சட்டை, நடுவுல நம்மூர் சொக்கப்பனை மாதிரி பெரிய தீ. இங்க அப்போ குளிர்காலம்ங்கறதால நான் தீயை விட்டு நகரவே இல்ல.

அப்படி நின்னுட்டு இருக்கறப்போதான் தூரத்துல ஒரு வெளிச்சம் மெதுவா மேல ஏறுச்சு. காகிதப் பலூன்! கேமராவை எடுத்தா, கூட வந்த லேப் நண்பன் மூஞ்சி மாறிடுச்சு. "அது குற்றம், தெரியுமா?"ன்னான். பலூன் விடுறது குத்தமா? அப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் :-)

1709ல, பிரேசில்ல பிறந்த பர்த்தலோமியு டி குஸ்மாவ்ங்கற பாதிரியார், லிஸ்பன்ல போர்ச்சுகல் ராஜா முன்னாடி ஒரு சின்ன காகிதப் பலூனை சூடான காத்தால மேல ஏத்திக் காட்டினார். பிரான்ஸோட மான்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன் விட்டது 1783லதான்.

அடுத்து வர்றார் நம்ம ஹீரோ. 1873ல பிறந்த ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டுமான்ட், காப்பித் தோட்டத்துல வளர்ந்த பையன். வருஷா வருஷம் ஜூன் 24 அன்னிக்கு, அந்தத் தீ மேல பிடிச்சு கூட்டம் கூட்டமா காகிதப் பலூன் விட்டு, அது மேல போறதை மெய்மறந்து பார்த்தேன்னு அவரே 1904ல வந்த புத்தகத்துல எழுதியிருக்கார். அந்தப் பையன்தான் 1901ல ஈஃபிள் கோபுரத்தை ஆகாயக் கப்பல்ல சுத்தி வந்தான். 1906ல பாரிஸ்ல விமானத்துலயும் பறந்தான். (ரைட் சகோதரர்கள் பேச்சை இங்க எடுத்துடாதீங்க, சண்டைக்கு வந்துடுவாங்க!)

இப்போ ரியோ நகரத்துக்குள்ள இருக்கற விமான நிலையத்துக்கு அவர் பேர்தான். ஆனா விமானிகளுக்கு அவர் விட்ட அந்தப் பலூன்னாலே பயம்.

பலூன் சும்மா இருக்கல, வளர்ந்துடுச்சு. கோஷ்டி கோஷ்டியா போட்டி போட்டு, பல மீட்டர் உயரத்துக்கு, வாணவெடியும் பெரிய பேனரும் கட்டி விடறாங்க. விட்டப்புறம் அது யார் சொல்லும் கேக்காது, காத்து போற பக்கம் போகும். காகிதம்ங்கறதால ரேடார்லயும் சரியாத் தெரியாது. 2011 ஜூன்ல ரியோவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் 319 ஒண்ணு பலூன்ல மோதுச்சு. வேகத்தை அளக்கற குழாய்கள் அடைச்சுக்கிச்சு. எவ்வளவு வேகத்துல போறோம்ங்கறதையே நம்ப முடியாத நிலைமை. நல்லவேளை, பத்திரமா இறங்கிட்டாங்க.

1998ல வந்த சுற்றுச்சூழல் குற்றச் சட்டப்படி, தீப்பிடிக்க வைக்கக்கூடிய பலூனை செய்யறது, விக்கறது, எடுத்துட்டுப் போறது, விடறது எல்லாமே குற்றம். ஒண்ணுலேர்ந்து மூணு வருஷம் சிறை, இல்லைன்னா அபராதம், ரெண்டும்கூட கிடைக்கலாம். காட்டுத்தீ பயத்துல வந்த சட்டம் அது. ஆனாலும் பலூன் நிக்கல.

"எங்க தாத்தா காலத்துக் கலை"ங்கறாங்க பலூன்காரங்க. பொய்யில்ல. எனக்கே மனசு கேக்கலதான். ஆனா அந்தப் பையன் பலூன் விட்டப்போ வானத்துல ஆளே கிடையாது. இப்ப இருக்காங்க. அதுக்கு அவனும் ஒரு காரணம்.

அன்னிக்கு எடுத்த படத்தை இங்க போடலாம்னுதான் இருந்தேன். வேணாம்னு விட்டுட்டேன்.