பழவேற்காட்டின் மகிழ்ச்சி மாதா

பெரிய வெள்ளியன்று கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு போய்ப் பாருங்கள், பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். திருச்சபையின் நாட்காட்டி போட்டிருக்கும் கணக்கே வேறு. தவக்காலம் 40 நாள் என்றால், உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கி பெந்தகோஸ்து வரைக்கும் பாஸ்கா காலம் 50 நாள். துக்கத்தைவிட மகிழ்ச்சிக்குப் பத்து நாள் கூடுதல். ஆனால் வெள்ளி தவறாமல் சிலுவைப்பாதைக்கு வருபவர்கள்கூட ஈஸ்டர் பிரியாணியோடு கணக்கை முடித்துவிடுகிறோம். அழுவதற்கு நமக்குப் பாட்டு இருக்கிறது, சுரூபம் இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது. ஐம்பது நாள் மகிழ்ச்சியாக இரு என்று சொன்னால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கிழக்கே ஏரியையும் கடலையும் பார்த்துப் போனால் வரும் பழவேற்காட்டில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1515இல் போர்த்துக்கீசியர் அங்கே ஒரு மாதா கோயில் கட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'நொஸா சென்யோரா தொஸ் பிரஸேரஸ்'. அதாவது மகிழ்ச்சிகளின் அன்னை. இன்று நாம் அதை மகிமை மாதா திருத்தலம் என்கிறோம்.

மகிழ்ச்சிகள் என்று ஏன் பன்மை? வியாகுல மாதாவுக்கு ஏழு துயரங்கள் சொல்வதுபோல, மரியாளுக்கு ஏழு மகிழ்ச்சிகள் என்று ஒரு பக்தி மரபு உண்டு. வானதூதர் வந்து சொன்ன சேதியில் தொடங்கும் அந்த வரிசையில், உயிர்த்த மகனைப் பார்த்ததும் ஒன்று. நற்செய்தி நூல்களில் அந்தச் சந்திப்பு கிடையாது. அடக்கம் செய்த மகன் உயிரோடு வந்தால் முதலில் யாரைப் போய்ப் பார்ப்பான்? மக்கள் தாங்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். இஞ்ஞாசியாரும் தன் ஆன்மிகப் பயிற்சிகளில் அதையே முதல் காட்சியாக வைத்தார்.

போர்த்துக்கீசிய மரபில் இந்த அன்னையின் திருநாள் ஈஸ்டருக்கு எட்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு வாசிக்கப்படுவது தோமாவின் சந்தேகக் கதை. இது நம்ம ஊர் விஷயமும்கூட. 1517இல் மலாக்காவிலிருந்து வந்த சில போர்த்துக்கீசியர்கள் பழவேற்காட்டில்தான் இறங்கினார்கள். கூட வந்த ஓர் ஆர்மீனிய வணிகர் அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துப்போய்த் தோமாவின் கல்லறையைக் காட்டினார். சாந்தோமின் போர்த்துக்கீசிய வரலாறு பழவேற்காட்டுக் கரையிலிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம்.

பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1612இல் மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியர்கள் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்தாலும், 1825 வரை ஊர் டச்சுக்காரர்களுடையது. அவர்கள் கால்வினியர்கள், மாதாவுக்குத் திருவிழா எடுப்பது அவர்கள் கண்ணில் மூடநம்பிக்கை. இதே பெயருள்ள இன்னொரு கோயில் பிரேசிலில், ரெசீஃபே நகருக்குப் பக்கத்தில் குவாராரபெஸ் குன்றின் மேல் இருக்கிறது. அங்கே டச்சுக்காரர்களை வென்றதற்கு நன்றியாக 1656இல் கட்டியது. ஒரே மாதா, ஒரே எதிரி. பிரேசிலில் ஜெயித்த பிறகு கோயில் வந்தது, பழவேற்காட்டில் தோற்ற பிறகும் கோயில் நிலைத்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஈஸ்டர் தேதியைக் கணக்கிட நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் சிடுக்கு தெரியும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆனால் எந்த நாட்காட்டியின் மார்ச் 21? 1582இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்கப் போர்ச்சுகல் உடனே ஏற்றது. புராட்டஸ்டண்டுகள் என்றாலும் ஹாலந்துக்காரர்களும் சீக்கிரமே ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்து 1752 வரை பழசையே பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் 1643இல் பழவேற்காட்டின் ஈஸ்டர் ஏப்ரல் 5. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயர்களுக்கு அது ஒரு வாரம் கழித்து வந்தது, அதையும் அவர்கள் ஏப்ரல் 2 என்று எழுதிக்கொண்டார்கள். ஆக, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் ஒரே நாளில் உயிர்ப்பைக் கொண்டாடினார்கள்.

டச்சுக்காரர்கள் விட்டுப்போனதில் இன்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூடுச் சிற்பங்கள். சாவை மறக்காதே என்று கல்லில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மீனவ ஊருக்கு அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மீனவர்கள் வைத்திருக்கும் சொல் 'பாடு'. பழவேற்காடு ஏரியில் பாடு என்றால் வலை போடும் இடமும் அதற்கான முறையும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடாது. அதே சமயம் பாட்டில் பங்கில்லாத சாதிக்காரர்கள் வெளியேதான் நிற்க வேண்டும், அந்த மனக்கசப்பும் ஏரியில் இருக்கிறது. கிடைத்த மீனுக்கு மீன்பாடு என்று பெயர். கோயிலுக்குள் போனால் இதே சொல் கிறிஸ்துவின் வேதனைக்கு: திருப்பாடுகள். தமிழில் துன்பமும் உழைப்பும் விளைச்சலும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் ஓர் ஏரிக்கரைக் கதை. பாஸ்கா காலத்தில் வாசிக்கப்படுவது. திருப்பாடுகள் முடிந்துவிட்டன, உயிர்ப்பும் நடந்தாயிற்று. பேதுரு என்ன செய்கிறார்? மீன்பிடிக்கப் போகிறார். ராத்திரி முழுக்க ஒன்றும் சிக்கவில்லை. விடியலில் கரையிலிருந்து ஒருவர் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்! எந்த மீன்பிடிக் கரையிலும் நடப்பதுதானே. கரையில் கரிநெருப்பில் மீன் வேகிறது, சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும், நீயும் ஒருநாள் பாடுபட்டுச் சாவாய் என்று பேதுருவிடம் சொல்லப்படுகிறது. அதாவது கஷ்டமெல்லாம் தீர்ந்த பிறகு கிடைத்த விருந்தல்ல அது. இரண்டு பாடுகளுக்கு நடுவில் கிடைத்த காலைச் சாப்பாடு.

மகிமை மாதாவின் ஆண்டுத் திருவிழா இன்றும் பாஸ்கா காலத்தில்தான் வருகிறது. கொடியேற்றம், நவநாள் பூசை, தேர். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடையும் ஏப்ரல் 15இல் தொடங்கிவிடும். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடுகிறது. அது அடைந்தால் கடல்நீர் உள்ளே வராது, இறால் வராது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்துவருகிறார்கள். பிள்ளைகள் பலர் தொழிற்சாலை ஷிப்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். பெரிய வெள்ளி அரசு விடுமுறை. மகிழ்ச்சிகளின் அன்னைக்கு உரிய அந்தத் திங்கள் வேலை நாள்.

தேர் இழுக்க ஆள் வேண்டும். ஆள் ஊரில் இருக்க வேண்டுமென்றால் ஏரியில் மீன் வேண்டும். ஐந்நூறு ஆண்டு பழைய அந்த மகிழ்ச்சிக்கு இன்றைக்கு முதல் தேவை, முகத்துவாரம் திறந்திருக்கணும் என்பதுதான்.