கீறலைச் சுற்றித் தேய்ப்பது

காரில் விழுந்த கீறலை ரப்பிங் காம்பவுண்ட் எடுத்துவிடும் என்பதைச் சந்தேகிப்பவர் குறைவு. கீறல் என்பது பெயின்டில் விழுந்த பள்ளம். பள்ளத்தைத் தேய்த்து எடுக்க வழியில்லை. சுற்றியுள்ள பெயின்டைப் பள்ளத்தின் அடிவரை இறக்கத்தான் முடியும். ஆகவே இந்தத் தொழிலின் வரலாறு என்பது, தேய்த்துக் கரைக்கக் காரின் மேல் எவ்வளவு பெயின்ட் இருந்தது என்பதன் வரலாறே. காம்பவுண்ட் கீறலுக்கு மருந்தாகக் கார் உலகத்துக்குள் வரவில்லை. தொழிற்சாலையில் பெயின்ட் வேலையின் கடைசிக் கட்டமாகத்தான் அது வேரூன்றியது. தொழிற்சாலைக்கு அது தேவைப்படாமல் போன பிறகும், தடித்த பெயின்டின் காலத்தில் அது சம்பாதித்த நம்பிக்கை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

தொடக்ககால கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசிய முறையிலேயே பூசினார்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த பெயின்ட், அதன்மேல் வார்னிஷ் என்று பூச்சுமேல் பூச்சு. ஒவ்வொன்றும் காய நாள்கணக்கில் காத்திருந்து, நுரைக்கல் பொடியும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். தேய்ப்பு நடந்ததெல்லாம் பெரும்பாலும் இடைப்பூச்சுகளில். கடைசி வார்னிஷ் தானாகப் பரவி மின்னும். ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றதற்குப் பின்னால் இந்த உலரும் நேரப் பிரச்சினையும் இருந்தது என்பார்கள்.

இந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் இதற்காக மெனக்கெட்டார். 1924 மாடல் ஓக்லண்ட் கார் இந்த லாக்கரின் நீல நிறத்தில் வந்தது. வாரங்கள் எடுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஆனால் ஒரு விலை இருந்தது. கரைப்பான் சட்டென்று ஆவியாவதால் லாக்கருக்குப் பரவிச் சமமாக நேரம் கிடைப்பதில்லை; காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாக, மங்கலாக நிற்கும். மினுமினுப்பு வேண்டுமென்றால் வாட்டர் பேப்பரில் இழைத்து, பிறகு காம்பவுண்ட் வைத்துத் தேய்க்க வேண்டும். அதாவது, டூகோவின் பளபளப்பு டப்பாவில் வந்ததல்ல, தொழிலாளியின் தோளிலிருந்து வந்தது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் அந்தத் தாளையே 3எம் நிறுவனம் 1921-இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவரிடமிருந்து வாங்கிய யோசனை அது. உலர்ந்த ஈயப் பெயின்டை உரசியதால் பறந்த தூசு பட்டறை ஆட்களின் உடலைக் கெடுத்துவந்தது. தண்ணீர் அதை அடக்கியது. அந்தத் தாளின் மாதிரிகளைச் செயின்ட் பால் நகரப் பட்டறைகளுக்குக் கொண்டுபோன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூதான், அங்கே இருவண்ணப் பெயின்ட் அடிக்கத் திணறியவர்களைப் பார்த்து, 1925-இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

லாக்கர் காலத்தில் காம்பவுண்ட் மேல் வைத்த நம்பிக்கை நியாயமானது. பல பூச்சுகள் கொண்ட தடித்த பெயின்ட். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். கொஞ்சம் தேய்ந்தாலும் அடியில் அதே நிறம்தான். அதைவிட முக்கியமானது, நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது: சிவப்புக் காரைத் தேய்த்தால் துணி சிவக்கும், எவ்வளவு போகிறது என்று கை அறியும். நம்மூர்ப் பட்டறைகளிலும் அம்பாசடர், பத்மினி காலத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டு, காம்பவுண்டால் மெருகேற்றி வண்டியை வெளியே விடுவதே முறை. மரச்சாமான்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பெயின்டை இன்றும் டூகோ என்றே சொல்கிறோம்.

தொழிற்சாலைகள் இந்தத் தேய்ப்புக் கூலியை ஒழிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. சூளையில் சுட்டால் தானே மின்னும் எனாமலுக்குப் பல நிறுவனங்கள் போயின. லாக்கரை விடாத ஜெனரல் மோட்டார்ஸ், 1950-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லாக்கருக்கு மாறி, ஒருமுறை சுட்டு, இழைத்து, மறுபடி சுடும் வழியைக் கையாண்டது. இரண்டாவது சூட்டில் லாக்கர் இளகி, இழைத்த கோடுகள் தாமாக மூடிக்கொண்டன. அடுத்து வந்தது நிறப்பூச்சின் மேல் நிறமற்ற கிளியர் கோட். 1980-களில் அது பரவியது. பளபளப்பு ஸ்பிரே துப்பாக்கியிலிருந்தே வந்துவிட்டதால், முழு வண்டியையும் காம்பவுண்டால் தேய்க்கும் வேலை உற்பத்தி வரிசையில் அவசியமற்றுப் போனது.

இங்கேதான் பழைய பழக்கம் பிசகுகிறது. கிளியர் கோட்டின் தடிமன் சாதாரணமாக 40-50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டாது, கரைவது தெரியாது. நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது அது கீறலில் மாட்டுகிறது என்றால், அந்தக் கீறலைச் சமன்செய்யும் அளவு கிளியர் பெரும்பாலும் மிஞ்சாது. பானெட்டின் மடிப்பிலும் கதவின் விளிம்பிலும் பெயின்ட் இன்னும் மெல்லியது. சுழலும் மெஷின் அங்கே ஒரு கணம் நின்றால்கூடச் சூட்டில் கிளியர் போய், நிறப்பூச்சு வெளிறித் தெரியும். தெரிந்தவர்கள் அந்த விளிம்புகளில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார்கள்.

‘கண் முன்னாலேயே கீறல் மறைந்ததே’ என்பார்கள். மறைந்தது உண்மைதான். மெருகேற்றுவது என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல்களை மேலும் மேலும் நுண்ணியதாக்குவதே என்று நியூட்டன் 1704-இல் வெளிவந்த ஒளியியல் நூலிலேயே விளக்கியிருக்கிறார். கூரான விளிம்பு ஒளியைச் சிதறடிக்கிறது. விளிம்பு மழுங்கினால் கண் ஏமாறுகிறது, பள்ளம் அடியில் இருந்தாலும். சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் மெழுகும் பள்ளத்தை நிரப்பியும் மறைக்கும். நாலு வாட்டர் வாஷில் கோடு திரும்ப வந்துவிடும். இன்னொரு வாதம் கனமானது: இன்றைய நுண்பொடிக் காம்பவுண்டுகள் ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரானுக்கு மேல் எடுப்பதில்லை, தேய்வதற்காகத்தானே கிளியர் இருக்கிறது என்பது. முதல் பாதியை ஒப்புக்கொள்ளலாம். கழுவும் துணியால் விழுந்த சிலந்திவலைக் கோடுகளுக்கு அது போதும், அதற்குக் காம்பவுண்ட் நல்ல மருந்துதான். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள்கள் கலந்த கவசம் கிளியர். அது மெலியும் அளவுக்கு வெயில் நிறத்தை அண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை பாலிஷ் என்று பேக்கேஜ் போட்டுக்கொள்பவர், சென்னை வெயிலில் நிறுத்தும் வண்டியின் கவசத்தைக் காசு கொடுத்து மெலிய வைக்கிறார். தடிமன் அளக்கும் கருவியை வண்டியின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தேய்க்கிற கடை எத்தனை?

தேய்க்காமலே கோடு மூடும் வழியைத் தேடியவர்களும் உண்டு. நிசான் 2005-இல் அறிவித்த கிளியர் கோட்டில் மீள்தன்மையுள்ள பிசின் சேர்ந்திருந்தது. கழுவும்போது விழும் மெல்லிய கோடுகள் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தாமாக மட்டமாகிவிடும், வெப்பம் கூடினால் சீக்கிரம். ஜெனரல் மோட்டார்ஸ் சூளையில் செய்ததற்கு இது தூரத்துச் சொந்தம்: பெயின்ட் குறைவதில்லை, இடம் மாறுகிறது. ஆணியால் உலோகம்வரை கிழித்த கோட்டுக்கு இதுவும் உதவாது; அங்கே புட்டி, பிரைமர், புதுப் பெயின்ட்தான்.