கியூவிலிருந்து வந்த கட்டளை

1795 பெப்ரவரி 7ஆம் திகதி, இலண்டனை அடுத்த கியூவில் நாடிழந்த ஒருவர் ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டார். ஒல்லாந்தின் ஐந்தாம் வில்லியம், ஒராஞ்சு இளவரசர். பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி மீன்பிடிப் படகேறி இங்கிலாந்துக்கு ஓடிவந்து மூன்று கிழமை கூட நிறையவில்லை. கடிதம் கடல் கடந்த ஒல்லாந்த ஆளுநர்களுக்கானது. பிரித்தானியரின் கப்பலும் படையும் வந்தால் நண்பராக எண்ணி உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகாமல் காப்பாற்றுங்கள் என்பது சாரம்.

அந்தக் கடிதம் கவிழ்த்த கோட்டைகளில் மன்னாரும் ஒன்று. நான்கு கொத்தளம், அகழி, பக்கத்திலேயே கடல். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. தெற்கே முசலிக் கரையில், அருவி ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட, அரிப்பில் இன்னொரு சின்னக் கோட்டை. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த இறொபேட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் தப்பி வந்து சேர்ந்தது இந்த அரிப்புக்குத்தான். முத்துப்பார்கள் எதிரே கிடந்ததால் இந்தக் கரைக்குக் காவல் எப்போதும் தேவைப்பட்டது.

நெப்போலியன் காலப் போரை மேசையில் ஆடுகிறவர்கள் தற்காப்புப் பக்கத்தை எடுத்தால் முதலில் எண்ணுவது சுவர், பீரங்கி, தானியம், துணைப்படை வந்துசேர எடுக்கும் நாள். இந்த ஆட்டத்துக்கு உருக்கொடுத்த பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் இன்னொன்றையும் எண்ண வைத்தார். தகப்பன் 1812இல் தொடங்கியதை மகன் 1824இல் முழுமையாக்கினார்: 1:8000 அளவில் வரைபடம், சிவப்பும் நீலமுமாகக் கட்டைகள், பகடை, நடுவே ஒரு நடுவர். தளபதி தன் கட்டையைத் தொடக்கூடாது. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோகும் குதிரைக்காரனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நடுவர் கணக்குப் போடுவார். ஓலை போய்ச் சேரும்வரை அந்தப் படை பழைய கட்டளையில்தான் நிற்கும். இதைப் பார்த்து வியந்து படைக்குப் பரிந்துரைத்த தளபதி முஃப்லிங், 1815இல் வாட்டர்லூவில் வெலிங்டனோடு நின்றவர். நெப்போலியனுக்கு எதிரே நாள் முழுக்க ஒரு மேட்டைக் காத்த அந்த வெலிங்டன், 1801 தொடக்கத்தில் படையோடு திருக்கோணமலையில் இருந்தார் என்பது பலருக்கு நினைவிராது.

ரைஸ்விட்ஸின் விதியை வைத்து 1795 இலங்கையைப் பாருங்கள். கடிதம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அங்கே ஆளுநர் ஹோபார்ட் பிரபு, மேஜர் அக்னியூ கையில் அதைக் கொழும்புக்கு அனுப்பினார். ஆளுநர் வான் ஆங்கல்பேக் திணறிப்போனார். ஒப்பமிட்டவரோ அகதி, ஊரில் புதிய குடியரசு. முதலில் கொஞ்சம் படையை ஏற்க இணங்கினார், பிறகு ஒல்லாந்து மக்களே புதிய ஆட்சியை வரவேற்ற செய்தி எட்டியதும் மறுத்தார். இதற்கிடையில் ஓகஸ்ட் முதலாம் திகதியே பிரித்தானியக் கப்பல்கள் திருக்கோணமலைக்கு வந்துவிட்டன. கோட்டைத் தலைவர் கதவைத் திறக்கவில்லை. முற்றுகை, பீரங்கி, மதிலில் உடைப்பு. 26ஆம் திகதி சரண்.

தற்காப்பை இப்படி ஆட முடியாது. வெளியே நிற்பவன் பகைவனா விருந்தாளியா என்று தெரியாமல் எந்தச் சிப்பாய் சாகத் துணிவான்? மேசையில் சிவப்புக் கட்டை சிவப்பாகவே இருக்கும். இங்கே கட்டையின் நிறமே மாறிக்கொண்டிருந்தது. துணைப்படை எங்கிருந்தும் வரப்போவதில்லை என்பதும் தெளிவு.

மிச்சம் வேகமாக நடந்தது. செப்டெம்பர் 18 மட்டக்களப்பு, 28 யாழ்ப்பாணம், ஒக்டோபர் 5 மன்னார். கொழும்புக்கு இன்னொரு கடிதம் தனியாகப் போனது: அங்கே கூலிக்கு நின்ற சுவிஸ் படையணியின் உரிமையாளர் டி மியூரனைக் கிளெகோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் ஐரோப்பாவிலேயே விலை பேசிவிட்டார். அந்தச் செய்தி பாலாடைக்கட்டி ஒன்றுக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாகக் கதை. கட்டி உண்மையோ பொய்யோ, படையணி கைமாறியது உண்மை. காவலின் முதுகெலும்பே போன கொழும்பு 1796 பெப்ரவரியில் பணிந்தது.

நண்பனாக வந்தவன் திரும்பிப் போகவில்லை. 1802 அமியென் உடன்படிக்கையில் இலங்கை முறைப்படி பிரித்தானியருக்கே ஆனது. எழுத்து உறுதியாகும் முன்பே, 1801இல், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் தனக்கு மாளிகை எழுப்பத் தொடங்கிவிட்டார். முத்துச் சலாபத்தை இருந்து பார்ப்பதற்கு. ஊரார் அல்லிராணி கோட்டை என்பது அதைத்தான். கடல் அதைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது.

கடிதம் எழுதிய இளவரசர் நாடு திரும்பவே இல்லை. 1806இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் இறந்தார். ரைஸ்விட்ஸுக்கும் முன்னால், 1780இல், ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்துப் போர் ஆட்டமாக்கியது அந்த நகரில்தான்.