காசு கொடுத்துப் படம் எடுத்தவர்

அமெரிக்கர் இர்விங் பென் 1943-இல் 'வோக்' பத்திரிகைக்கு முதல் அட்டைப்படம் எடுத்தார். ஃபேஷன் படங்கள்தான் அவருக்குச் சோறு போட்டன.

1948 டிசம்பரில் பெரு நாட்டுக்கு வேலையாகப் போனவர், குஸ்கோ நகரில் ஒரு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். படம் எடுத்துக்கொள்ள வந்த ஊர்மக்களிடம் காசு வாங்கவில்லை, இவரே கொடுத்தார். (வங்கியில் காலம் தள்ளிய எனக்கு இந்தத் தலைகீழ் வரவு செலவு ரொம்பப் பிடித்தது!)

1950-இல் பாரிஸில் மாடல் அழகிகள் நின்ற அதே பழைய திரைக்கு முன் கசாப்புக்காரர் போன்ற தொழிலாளர்களையும் வேலை உடுப்போடு, கருவிகளோடு நிறுத்தினார். பிறகு லண்டன், நியூயார்க்கிலும் அப்படியே. நம் ஆண்டு விழா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன்; வாட்ச்மேன் படம் ஒன்றுகூட இல்லை.

பின்னாளில் பிளாட்டினம் முறையில் தானே பிரிண்ட் போட்டார். 1975-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகச் சுவரில் அவர் மாட்டியது, தெருவில் பொறுக்கிய சிகரெட் துண்டுகளின் படங்களை!